பொன்னுக்கு வீங்கி

“வெள்ளிக்கிழமை ஹவுராவிலேருந்து அவா வரா. சொஜ்ஜிக்கு ரவையை இன்னிக்கே வறுத்து வெச்சுடு, அனந்தம். அன்னிக்குக் கை ஒழியாது.”

மீனாக்ஷி அம்மாள் இதைச் சொன்னபோது அனந்தலக்ஷ்மி கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். விசிறி நிற்கவில்லை. வரப்போகிறவர்கள், அவள் புருஷனுக்கு இரண்டாம் தாரமாகப் பெண் கொடுக்க இருப்பவர்கள். அவர்களுக்குச் சொஜ்ஜி கிளற வேண்டியவளும் அவள்தான். அந்த வீட்டுக்கு வேறு மருமகள் கிடையாது.

“இன்னொண்ணு. அந்த வைத்தீஸ்வரன் கறாரான மனுஷராம். மூத்தவ வாயால சம்மதம்னு கேட்டாத்தான் பொண்ணைக் குடுப்பேங்கறார். கேட்டா, ஒரு வார்த்தை சொல்லிடு. அப்படியே உன் ரெட்டைவடச் சங்கிலியையும் கழட்டித் தாம்பாளத்துல வெச்சுடு. மூத்தவ கையால பொன் வந்தா வரவளுக்கு வயிறு திறக்கும்பா.”

“அது எங்கப்பா போட்டதும்மா.”

“பத்து வருஷமா இந்தாத்துச் சாதத்தைத் திங்கறே. இன்னும் என்ன எங்கப்பா, உங்கப்பா?”

கூடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ராஜாராமன் காதில் இது விழுந்தது. இவன் வீட்டுக்கு இளையவன். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. அண்ணா வெங்கடசுப்ரமணியன் சர்க்கார் கணக்கு ஆபீஸில் உத்தியோகம். ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக டில்லிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தனக்கும் மாற்றல் வருமுன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அண்ணாவுக்கு அவசரம்.

அனந்தலக்ஷ்மி செய்யாத பரிகாரம் இல்லை. அரசமரம் சுற்றினாள். காளிகாட்டில் மரத்தில் கல் கட்டினாள். வயிறு வெந்துபோகும்படி லேகியம் தின்றாள். கடைசியில் ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் தெரியவில்லை என்றாள். “தெரியலைன்னுதானே சொன்னா? இல்லைன்னா சொன்னா?” என்று மீனாக்ஷி அம்மாள் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டாள்.

ராஜாராமன் ஆபீஸுக்கும், அங்கிருந்து சாயங்காலம் வகுப்புக்கும் போனான்.

வேலை முடிந்தபின் ஆபீஸின் பின்கட்டில் நடக்கும், முதலுதவி சொல்லித்தரும் ஆம்புலன்ஸ் வகுப்பு. எலும்பு, ரத்த ஓட்டம், ஜீரணம், சுரப்பிகள் என்று உடம்பின் பாலபாடம். ராஜாராமன் ஒவ்வொரு படத்தையும் திரும்பத் திரும்ப வரைந்து பார்ப்பான். எத்தனை தடவை வரைந்தாலும் எங்கோ தவறு இருப்பதாகவே அவனுக்குத் தோன்றும். வகுப்பில் அவன் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்று சன்யால் டாக்டர் சுவர்ப் படத்தில் காதுக்குக் கீழே கோலை வைத்து, இங்கிலீஷில் சொன்னார்: “இது எச்சில் சுரப்பி. மம்ப்ஸ் வந்தால் வீங்குவது இதுதான். சின்னப் பையன்களுக்கு வந்தால் பயமில்லை. வளர்ந்த ஆணுக்கு வந்தால் சில சமயம் வீக்கம் கீழே இறங்கும். விதைகள் வற்றிப்போகலாம், வம்சம் அதோடு நிற்கலாம். அதெல்லாம் கடைசி அத்தியாயம். பரீட்சைக்கு இல்லை, நாம் படிக்கப் போவதும் இல்லை.”

கோல் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. ராஜாராமனின் பென்சில் நகரவில்லை.

மம்ப்ஸ் என்றால் பொன்னுக்கு வீங்கி. அந்த வியாதி பொன்னைக் கேட்டு வீங்குகிறது, கழுத்தில் பொன் போட்டால் வடியும் என்பது வழக்கம். மன்னி அனந்தலக்ஷ்மி குடித்தனம் வந்த மறு வருஷம் அது இந்த வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் அதைக் கொண்டுவந்தவன் ராஜாராமன். அம்மாவின் சங்கிலி அவன் கழுத்துக்குப் போயிற்று. பிறகு அண்ணாவுக்கு வந்தது. மன்னி தன் ரெட்டைவடத்தைக் கழற்றிக் கொடுத்தாள். தம்பி ஒரு வாரத்தில் பட்டம் விடப் போய்விட்டான். அண்ணா எழுந்திருக்கவில்லை. அம்மா எல்லோரையும் அறையைவிட்டுத் துரத்திவிட்டு அவனுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அப்புறம் வெகு நாள் அண்ணா காலை அகட்டி அகட்டி நடந்தான்.

“சார்,” என்று எழுந்தான் ராஜாராமன். “அந்தக் கடைசி அத்தியாயம்...”

“மாத்ராஜி பாபுவுக்குக் கல்யாண அவசரம்!” என்று பின்பெஞ்சில் ஒரு குரல். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் படிக்கட்டில் டாக்டரைப் பிடித்தான். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, “அப்படிப்பட்டவர் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொண்டால்?” என்று கேட்டான்.

“பத்துகூடப் பண்ணிக்கொள்ளட்டும். தொட்டில் ஆடுமா என்பதுதான் கேள்வி. ஆனால் ஒன்று, நான் ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். பரிசோதித்துப் பார்த்தால் தெரியும். உன் அண்ணா வருவாரா?”

வியாழக்கிழமை மாலை, ஈஸிசேரில் சாய்ந்திருந்த அண்ணாவிடம் ராஜாராமன் அதைச் சொன்னான். மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் இடம் மாறி வந்தன. வெங்கடசுப்ரமணியனின் முகம் முதலில் வெளுத்தது. பிறகுதான் சிவந்தது.

“கையொடிஞ்சா கட்டுப் போடற படிப்புதானேடா உன்னுது? அதோட நிறுத்திக்கோ.”

“ஒரு தடவை டாக்டர்கிட்ட...”

“நிச்சயமாத் தெரியுமா உனக்கு? சொல்லு, நிச்சயமாத் தெரியுமா?”

“இருக்கலாம்னுதான்...”

“லாமாம், லாம்!”

சத்தம் கேட்டு மீனாக்ஷி அம்மாள் வந்தாள். “கழுத்துல வந்த வீக்கத்துக்கும் வயித்துல வராத குழந்தைக்கும் என்னடா சம்பந்தம்? சுவத்துல மாட்டியிருக்கற எலும்பெல்லாம் பாத்துப் பாத்து உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. போய் ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வா!”

அவள் கத்தினாலும் ராஜாராமனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒத்தடம் கொடுத்த கை அவளுடையது. அவளுக்கு மறந்திருக்க நியாயமில்லை.

ராஜாராமன் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நின்றான். தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ‘நிச்சயம்’ என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் தைரியம் வரவில்லை.

துண்டை நீட்டிய அனந்தலக்ஷ்மி மெதுவாகக் கேட்டாள்: “நீ அவர்கிட்ட சொன்னது நிஜமா, ராஜு?”

“இருக்கலாம், மன்னி. எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியலை.”

“என் விஷயத்துல மட்டும் எல்லாருக்கும் எப்படி நிச்சயமாத் தெரிஞ்சுது?” என்றாள்.

வெள்ளிக்கிழமை வைத்தீஸ்வரன் தனியாகத்தான் வந்தார். ஜரிகை அங்கவஸ்திரம், கையில் குடை. சொஜ்ஜியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, “பேஷ்! நெய் சொட்டறதே!” என்றார். பேச்சு ஜாதகத்தைச் சுற்றி, டில்லி மாற்றலைச் சுற்றி, முகூர்த்த நாளுக்கு வந்தது.

“கூப்பிடுங்கோ, அந்தக் குழந்தை வாயால ஒரு வார்த்தை கேட்டுடறேன்,” என்றவர், கதவோரம் வந்து நின்ற அனந்தலக்ஷ்மியின் பக்கம் திரும்பினார். “நாளைக்கு எம்பொண்ணு ஜெயலக்ஷ்மியும் உனக்குத் தங்கை மாதிரிதானேம்மா? மனசாரச் சம்மதிக்கறயா?”

மாமியார் தாம்பாளத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“சம்மதம் மாமா,” என்றாள். மீனாக்ஷி அம்மாள் மூச்சு விட்டாள். “ஆனா என்னை லேடி டாக்டர் பாத்து, குறை தெரியலைன்னா. இவரையும் ஒரு டாக்டர் பாத்து அதே வார்த்தையைச் சொல்லட்டும். அன்னிக்கே இந்தச் சங்கிலியை உங்க பொண்ணு கழுத்துல நானே போடறேன்.”

“அடியே!” என்றாள் மாமியார்.

அனந்தலக்ஷ்மி சங்கிலியைக் கழற்றினாள். தாம்பாளத்தைத் தாண்டிப் போய்ப் புருஷன் மடியில் வைத்தாள். “அதுவரைக்கும் இவர்கிட்டயே இருக்கட்டும். பொன்னுக்கு வீங்கினப்போ இவருக்குத்தானே போட்டோம்?”

வைத்தீஸ்வரன் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகம் பார்த்தார். “பொன்னுக்கு வீங்கியா? எப்போ?”

“அண்ணாவுக்கு இருபத்தஞ்சு வயசுல,” என்றான் ராஜாராமன். அது எல்லோர் காதிலும் விழுந்தது.

“அதுக்கென்ன, மாப்பிள்ளை? ஒரு நடை டாக்டரைப் பாத்துட்டு வந்துட்டாப் போச்சு,” என்றார் வைத்தீஸ்வரன்.

வெங்கடசுப்ரமணியன் நிமிரவில்லை. அவன் கை தானாகக் காதுக்குக் கீழே போய்த் தடவிக்கொண்டது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வைத்தீஸ்வரன் குடையை எடுத்துக்கொண்டார்.

வெங்கடசுப்ரமணியன் டாக்டரிடம் போகவில்லை. ஹவுராவிலிருந்து மறுபடி ஆள் வரவும் இல்லை. ஆனால் வைத்தீஸ்வரன் ஊரில் சொன்னது, ‘மூத்தவள் பொல்லாதவள், ஒத்துக்கொள்ளவில்லை’ என்றுதான். ஓர் ஆணைப் பற்றி அந்த மாதிரி விஷயத்தை எப்படிச் சொல்வது? ஆகவே மலடி என்ற பெயரோடு ராட்சசி என்ற பெயரும் அனந்தலக்ஷ்மிக்குச் சேர்ந்தது.

சங்கிலி ஈஸிசேருக்கு மேலே ஆணியில் தொங்கியது. அதை எடுத்துப் பெட்டியில் வைக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை. மஞ்சள் சரடு மட்டும் கழுத்தில் கிடக்க, அனந்தலக்ஷ்மி எப்போதும்போல அடுப்பை விசிறினாள்.

நவராத்திரி வந்தது. கொலுவுக்கு நாலு பேர் வருவார்கள். மீனாக்ஷி அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மூளிக் கழுத்தோட நிக்காதேடி. எடுத்துப் போட்டுக்கோயேன் அந்தச் சங்கிலியை,” என்றாள்.

“அவருக்கு இன்னும் வீக்கம் வடியலையே, அம்மா,” என்றாள் அனந்தலக்ஷ்மி.