வெள்ளை அம்பு காட்டிய பாதை

ப்ராஜெக்ட் மேனேஜர் ஜெகநாதன் கொலராடோவில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, எல்லோரும் எதிர்பார்த்த சாக்லேட்டைக் கொண்டுவரவில்லை. மலையேறும் ஆசையைக் கொண்டுவந்திருந்தார். உச்சியில் நின்று சூரியோதயம் பார்த்தால் டீமுக்குள் ஒற்றுமை வளரும் என்று மெயில் போட்டார். அத்தனை பேரும் வருவதாகப் பதில் எழுதினார்கள். சனிக்கிழமை விடியுமுன் குகட்பள்ளி பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றதென்னவோ ஃபெலிக்ஸும் பூர்ணாவும்தான். தூத்துக்குடிக்காரனான ஃபெலிக்ஸ் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாததால், வராமலிருக்கப் பயந்து வந்தவன். பூர்ணா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அப்ரைசல் வருகிறது, அதனால் வந்தேன் என்று அவனிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

ஜெகநாதன் முதுகில் ஒரு பை. அதற்குள் ஒரு ரப்பர் தண்ணீர்ப் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோள்மேல் வளைந்து வந்து வாயருகே தொங்கியது.

"யாரும் தண்ணி எடுத்துட்டு வரலையே? வேண்டாம்னு மெயில்லயே சொல்லிட்டேன். இதுல இருக்கறது மூணு பேருக்கும் தாராளம். தண்ணியச் சுமக்கறவன்தான் லீடர்."

"ஹவ் சார்" என்று செகந்திராபாத் பாணியில் ஆமாம் போட்டாள் பூர்ணா.

பையைக் கழற்றினால் அதன் பெல்ட் அளவு மாறிவிடுமாம். எனவே மாட்டிக்கொண்டே, அதன்மேல் நன்றாகச் சாய்ந்து காரை ஓட்டினார். ஊரெல்லை தாண்டி ஒரு பாறைக் குன்றின் அடியில் இறங்கியபோது, அவர் பேன்ட்டின் பின்புறம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஃபெலிக்ஸ் பார்த்துவிட்டான். பூர்ணாவும் பார்த்தாள். நீ சொல்லு என்று கண்ணால் காட்டினாள். அவன் நீ சொல்லு என்று காட்டினான். கடைசியில் இருவருமே மரியாதை கருதி வானத்தைப் பார்த்தார்கள்.

பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஜெகநாதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். காற்றுதான் வந்தது. பையைத் திறந்தால் சப்பட்டையாக இருந்தது.

"லீக் ஆயிடுச்சா?" என்றவர், அப்போதுதான் பின்புறத்தைத் தொட்டுப்பார்த்தார். "ஃபெலிக்ஸ், இது ஈரமா இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஏன்பா சொல்லல?"

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேன் சார்."

ஜெகநாதன் சட்டையை இழுத்துப் பின்புறத்தை மறைத்தார். எங்கிருந்தோ தவளைச் சத்தம் கேட்டது. தவளை இருந்தால் தண்ணீர் இருக்கும் என்று ஃபெலிக்ஸுக்குத் தோன்றியது. பாதையை விட்டு விலகி, சத்தத்தைத் தேடிப் பாறை இடுக்குகளில் தவழ்ந்து போனார்கள். குழி ஒன்றில் தண்ணீர் இருக்கத்தான் செய்தது. அது பச்சையாக, ஒரு ஒற்றைச் செருப்பை மிதக்கவிட்டுக்கொண்டு கிடந்தது. ஜெகநாதன் யோசனையோடு குனிந்தார்.

"நக்கோ சார், வேண்டாம். டைபாய்டு வரும்" என்று பூர்ணா அவர் பையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பி வந்தால் வந்த பாதையைக் காணோம். எல்லாப் பாறையும் ஒரே ஜாடையாக இருந்தது. அப்போது டார்ச் வெளிச்சத்தில் ஒரு வெள்ளை அம்புக்குறி பளிச்சிட்டது. சற்றுத் தள்ளி இன்னொன்று. ஜெகநாதனுக்கு உயிர் வந்தது.

"ட்ரெயில் மார்க்கிங். கொலராடோவிலும் இப்படித்தான்."

"அம்பு கீழ எறங்குதே சார்" என்றான் ஃபெலிக்ஸ்.

"எந்த மலையும் எறங்கித்தான்பா ஏறும்."

அம்புகள் அவர்களை இறக்கிக்கொண்டே போய், குழல்விளக்கு எரியும் ஒரு தோரண வாயிலில் விட்டன. உள்ளே விற்பனைக்கு வெள்ளைக் கற்கள் நட்ட மனைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தகரக் கொட்டகை. பனியனோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் இவர்களைக் கண்டதும் கொட்டகைக்குள் ஓடி, லுங்கிக்கு மேல் சட்டையும் டையும் அணிந்து வந்தான். மலைமேல் இருக்கும் கோயிலுக்கு வருகிறவர்களை மனை பக்கம் திருப்பத்தான் அந்த அம்புகளை வரைந்ததாகப் பெருமையாகத் தெலுங்கில் சொன்னான். பிறகு ஜெகநாதனை வணங்கி, மகனுக்கும் மருமகளுக்குமா இடம் பார்க்கிறீர்கள் என்று கேட்டான்.

ஜெகநாதனுக்கு முப்பத்தெட்டு வயது. முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவன் நீட்டிய பாட்டில் ஜில்லென்றிருந்ததால் மன்னித்துவிட்டார். ஒரே மூச்சில் குடித்து முடித்தபோது, லேஅவுட் படம் மேஜைமேல் விரிந்திருந்தது.

"க்ளப் ஹவுஸ் எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டார்.

இனி அவர் எழமாட்டார் என்று ஃபெலிக்ஸுக்குப் புரிந்தது. பூர்ணா மலைப்பாதை எங்கே என்று விசாரித்தாள். தொட்டிக்குப் பின்னாலேயே படிகள் இருந்தன. ஆளுக்கொரு பாட்டிலோடு இருவரும் ஏறினார்கள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் பாறைகளுக்கு மேலே வந்துவிட்டது. கீழே ஜெகநாதன், நான்கு வெள்ளைக் கற்களுக்கு நடுவில் கைகளை விரித்து நின்று, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்ன பண்றாரு?" என்றான் ஃபெலிக்ஸ்.

"ஹால் எவ்வளவு பெரிசா வரும்னு பாக்கறாரு. எங்கப்பாவும் இப்படித்தான் சுத்துவாரு."

ஃபெலிக்ஸின் செல்போன் அடித்தது. ஜெகநாதன்தான்.

"மேல போயாச்சா? சன்ரைஸ் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு சார்."

"இங்கிருந்தும் அப்படியே தெரியுதுப்பா. கிழக்கு பாத்த மனை."