வாசித்துக் காட்டுங்கள்

கையெழுத்துப் போடுவதில் அங்கமுத்துவை மிஞ்ச ஆள் கிடையாது. சிங்கப்பூரின் தெம்பனிஸ் கட்டட வேலையிடத்தில் தினமும் காலையில் பாதுகாப்புக் கூட்டம் நடந்ததாக ஒரு தாளை நீட்டுவார்கள். கூட்டம் நடந்திருக்காது, ஆனால் முப்பது பேரின் கையெழுத்தும் இருக்கும். படித்துக்கொண்டு நின்றால் சூப்பர்வைசர் சிதம்பரத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் அவனைப் போலீஸ் நிலையத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. ஸ்டோரில் ஆறு ரோல் செம்புக் கேபிளைக் காணோம். வெளியே போனதற்கான தாளில் இருந்தது இவன் கையெழுத்து. சிதம்பரம் நீட்டினார், இவன் போட்டான், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிட்டில் இந்தியாவில் புரோட்டாக் கடை வரிசையில் நின்றவனைக் கைது செய்து, பையைச் சோதித்து, அழைத்து வந்துவிட்டார்கள்.

விசாரித்த அதிகாரி யாக்கூப் கெட்டவர் இல்லை, களைத்திருந்தார். மொழிபெயர்க்க வந்த மங்களம் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். உன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் எதையும் நீ சொல்லியாக வேண்டிய கட்டாயமில்லை என்று அதிகாரி சொன்னதை, முதலிலேயே நிதானமாகத் தமிழில் விளக்கினார். மறைக்க ஒன்றுமில்லை என்று அங்கமுத்து எல்லாவற்றையும் கொட்டினான். யாக்கூப் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, பேனாவை அவன் பக்கம் தள்ளினார்.

கை தன்பாட்டில் பேனாவை எடுத்துவிட்டது. அந்தக் கையைப் பார்க்க அவனுக்கே ஆத்திரமாக வந்தது. இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஜெயில், அப்புறம் திருடன் என்ற பெயரோடு ஊருக்கு விமானம். பேனாவைக் கீழே வைத்தான்.

"அக்கா, முழுசா தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க."

மங்களம் வாசித்தார். கேபிள் வெளியே போவது எனக்குத் தெரியும் என்று ஐந்தாவது வரியில் இருந்தது. சிதம்பரத்தின் பெயர் எங்குமே இல்லை.

தெரியும் என்று தான் சொல்லவே இல்லை என்றான் அங்கமுத்து. தெரியாமலா கையெழுத்துப் போட்டாய் என்று யாக்கூப் கேட்டார். நடக்காத கூட்டத்துக்கு மூன்று வருடமாகப் போட்ட கதையை இவன் மறுபடியும் சொன்னான். புத்தியுள்ள எவனும் நம்பமாட்டான்தான். ஆனால் நடந்தது அதுதானே.

திருத்தச் சொல்லத் தனக்கு உரிமை உண்டா என்று கேட்டான். உண்டு என்றார் யாக்கூப். ஆனால் சூப்பர்வைசர் பெயரைச் சேர்த்தால் அந்தக் கம்பெனியில் நாளைக்கு உன் நிலைமை என்ன, யோசித்தாயா என்றும் கேட்டார். மங்களம் அதையும் தமிழில் சொன்னார்.

அங்கமுத்து தாளைத் திருப்பி அதிகாரியின் பக்கமே நகர்த்தினான்.

"வேலை போனா போகட்டும் சார். நான் சொன்னதை எழுதுங்க, சொல்லாததை எடுத்துடுங்க. அதுவரைக்கும் இதுல கை வைக்கமாட்டேன்."

மங்களம் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். யாக்கூப் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிதம்பரத்தின் முழுப் பெயர் என்ன என்று கேட்டார்.