பல்லாவரத்திலிருந்து பத்து நிமிடம்

டெனிஸ் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். ஒரு தம்ளர் காப்பி, இரண்டு துண்டு ரொட்டி, நின்றுகொண்டே. மாடித் தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை அணைத்தான். குளித்தான். கொடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். நீளமான அளவு டேப்பையும் ஒரு சாக்குக்கட்டியையும் பைக்குள் போட்டு வீட்டைப் பூட்டினான். ஞாயிற்றுக்கிழமை. கோவிலம்பாக்கம் இன்னும் சரியாக விழித்திருக்கவில்லை.

கீழ்க்கட்டளையில் ரோட்டோரம் லாசரஸ் நின்றிருந்தார். டெனிஸின் மச்சான், அவன் மனைவி சுஜியின் அண்ணன். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

"எட்டு மணி ஆராதனைக்கு விட்டுடணும் மாப்ள."

"அரை மணி நேரம்கூட ஆகாது மச்சான்."

இதே இடத்தில்தான் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை தண்ணீர் லாரி ஒன்று சந்திலிருந்து திரும்பும்போது சுஜியின் ஸ்கூட்டரை அடித்தது. பல்லாவரத்தில் அவள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அறுபதில் வந்தாள், அடக்க முடியாமல் வந்து மோதினாள் என்று லாரிக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டெனிஸைக் குடைந்தது அது அல்ல. அடக்கத்தன்று லாசரஸ் சொன்னது. "நீ போன் பண்ணிக் கூப்பிடலன்னா அவ நிதானமாதான்டா வந்திருப்பா."

போன் பண்ணினான்தான். எங்க இருக்க என்று கேட்டான். "இப்பதான் ஸ்கூல்ல வண்டி எடுக்கறேன். பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றாள். கடைசியா என்ன பேசினாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னான். ஆயர் ஜெபக்கூட்டத்தில் அதையே எடுத்துக்கொண்டு, சகோதரி சொன்னபடியே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பிரசங்கம் செய்தார். பல்லாவரத்திலிருந்து கோவிலம்பாக்கத்துக்குப் பத்து நிமிடத்தில் வரவே முடியாது என்பது ஆயர் உட்பட அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்து ஆட்கள் வாயில் எல்லாமே பத்து நிமிடம்தான். ஆனால் ஒருவேளை அவள் நிஜமாகவே முயன்றிருந்தால்? அவனுக்காக முறுக்கிக்கொண்டு வந்திருந்தால்? அது தெரியாமல் அவனால் எந்தப் பக்கமும் நகர முடியவில்லை.

எதிர்க் கடையின் கேமராப் பதிவு கைபேசியில் இருந்தது. சுஜி இரண்டு விளக்குக் கம்பங்களைக் கடக்கிறாள். அதற்கப்புறம் உள்ளதை அவன் பார்த்ததில்லை. தாம்பரத்துக் கம்பெனியில் எந்திரங்கள் ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் நேரத்தை அளப்பதுதான் அவன் வேலை. பதிவை ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணியிருந்தான். முதல் கம்பத்திலிருந்து இரண்டாவது கம்பத்துக்கு மூன்றரை விநாடி. தூரம் மட்டும்தான் தெரிய வேண்டும்.

கம்பத்தடியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டான். லாசரஸ் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டார். டீக்கடைக்காரர் வெளியே வந்தார்.

"இன்னா சார், ரோட்ட அகலம் பண்றீங்களா?"

"இல்லண்ணே. இது வேற."

"போன தபா வந்தவங்களும் வேறன்னுதான் சொன்னாங்க. அடுத்த வாரமே முன்னாடி ஷெட்டு பூடுச்சு."

"நாங்க கவர்மெண்ட் இல்லண்ணே," என்றார் லாசரஸ்.

"யாரா இருந்தா இன்னா. டேப்பு ஒண்ணுதானே."

இருபத்தெட்டு மீட்டர். மூன்றரையால் வகுத்தால் விநாடிக்கு எட்டு. மணிக்கு இருபத்தொன்பது கிலோமீட்டர்கூட இல்லை. டெனிஸ் கைபேசியை நீட்டினான். லாசரஸ் அதிலிருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப ஸ்பீடா வரல."

"வரல."

"மாப்ள, அன்னிக்கு நான் வாய்க்கு வந்தத…"

"விடுங்க மச்சான்."

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓர் அளவை இன்னோர் அளவால் சரிபார்க்காமல் விடுவது அவனுக்குப் பழக்கமில்லை.

"ஸ்கூல் கேட்லேந்து இங்க அஞ்சு கிலோமீட்டர். நான் போன் பண்ணப்ப அஞ்சு நாப்பது. இந்தப் பதிவுல ஆறு இருபது."

"சரி."

"நாப்பது நிமிஷத்துல அஞ்சு கிலோமீட்டர். ஏழரை வருது."

"ஏழரைன்னா?"

"மணிக்கு ஏழரை கிலோமீட்டர்."

லாசரஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நடக்கிறவனே ஆறு போவான். கேமரா கடிகாரம் தப்பா இருக்கும்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஆறு இருபத்திரண்டு. கடிகாரம் சரிதான்."

"டிராபிக்?"

"சனிக்கிழமை சாயந்திரம் அதே நேரத்துக்கு நானே ஓட்டிப் பாத்துட்டேன். கால் மணிதான் ஆவுது."

வகுத்தலில் பிழை இல்லை. கம்பத்துக்குக் கம்பம் இருபத்தொன்பது, பள்ளியிலிருந்து இங்கே ஏழரை. இரண்டும் அவளுடைய வேகம்தான். இதில் எது சுஜி என்று டெனிஸுக்குப் புரியவில்லை. அவன் அறியாத கிட்டத்தட்ட அரை மணி நேரம் இந்த ரோட்டில் எங்கேயோ கிடந்தது.

லாசரஸ் பதிவை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கினார். வண்டியின் முன்கொக்கியில் வெள்ளையாக ஏதோ தொங்கியது.

"மாவு வாங்கியிருக்கா."

"என்ன மாவு?"

"இட்லி மாவுதான் மாப்ள. பின்ன என்ன?"

"அவ வீட்லதானே ஆட்டுவா?"

லாசரஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரித்ததற்காக உடனே வாயைத் துடைத்துக்கொண்டார். "சுஜியா? அவ எப்ப ஆட்டினா? லோகநாயகியக்கா கடையில வாங்குவா. எங்க வீட்டுக்கும் அங்கேருந்துதான். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நான்கு வருடம் அவன் சாப்பிட்டது கடை மாவு.

அடுத்த தெருவில் ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தைத் தடுத்துப் போட்ட கடை. உள்ளே பெரிய கிரைண்டர்கள் ஓடின. லோகநாயகி பாக்கெட்டுகளில் மாவை ஊற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். லாசரஸைக் கண்டதும், "இன்னா சார், சர்ச்சுக்குப் போவல?" என்றாள். அப்புறம் பின்னால் நிற்பவனைப் பார்த்தாள். கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"டீச்சரம்மா வூட்டுக்காரரா?"

"ஆமாக்கா. அன்னிக்கு அவ இங்க வந்தாளா?"

"சனிக்கெழம தவறாம வரும். அன்னிக்கும் வந்துச்சு."

"எவ்வளவு நேரம் இருந்தா?"

"கணக்கா வச்சேன் நானு? அரை மணி இருக்கும். எப்பவும் அப்டித்தான். அந்தச் சேர்ல குந்திக்கும்."

சுவரோரம் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன் மேல் உளுந்து மூட்டை.

"உங்க கூடப் பேசிக்கிட்டிருப்பாளா?"

"இந்தச் சத்தத்துல யாரு பேசறது? சும்மாதான் குந்தினு இருக்கும். போனு கூடப் பாக்காது. மாவு வாங்கிக் கைல வெச்சிகினு கிரைண்டர் சுத்தறதப் பாத்துகினே இருக்கும். உடம்பு சரியில்லியாம்மான்னு கேட்டாக்கூட, அதெல்லாம் இல்லக்கா, நல்லாத்தான் கீறேன்னு என்ன மாரியே பேசிக் காட்டும்."

லாசரஸ் வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டெனிஸ் நாற்காலியைப் பார்த்தான். கணக்கு சரியாகிவிட்டது. அரை மணி நேரம், தூரம் பூஜ்யம். அவள் அவசரப்படவில்லை. அவனால் அவள் சாகவில்லை. தேடி வந்த விடை கைக்குக் கிடைத்தும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பத்து நிமிடம் என்று அவனிடம் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். வீட்டிலும் இரண்டு நாற்காலிகள் இருந்தன.

"கிளம்பறப்ப எப்படி இருந்தா?"

"எப்பவும் மாரிதான் சார். வண்டில ஏறிச்சு, மாவ மாட்டிச்சு. நான்தான் அதட்டினேன். பொழுது சாயுது, வூட்ல தேடுவாரு, சீக்கிரமா போம்மான்னேன்."

"அதுக்கு?"

லோகநாயகி முந்தானையில் கையைத் துடைத்தாள். சொல்லலாமா என்பதுபோல வாசலில் நின்ற லாசரஸைப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா."

"சிரிச்சுச்சு சார். 'அவரா? அவரு தேட மாட்டாருக்கா'ன்னுச்சு."