வினாகிரிப் போத்தல்

போத்தலில் 'வினாகிரி' என்று எழுதி ஒட்டியது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது இரண்டாயிரத்து எட்டு, யுத்தக் காலம். பழுகாமத்து வட்டையில், வயல்வெளியில், ஆளுயரக் குழி வெட்டி எடுத்த வெள்ளைக் கட்டிகள் ஒன்பது பைகளில் இருந்தன. வேர்களும் மண்ணும் விடுகிற மூச்சில் உள்ள கரி, நீரில் கரைந்து, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இப்படிக் கல்லாகிவிடும். காற்றுக்குத் திரும்பாமல் ஆயிரக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடக்கும். எவ்வளவு கிடக்கிறது என்று அளப்பதுதான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் என் ஆய்வு. மூன்று வருட உழைப்பு. அந்த வட்டைக்குள் இராணுவம் இனிமேல் போகவும் விடாது.

கட்டியைச் சோதிக்க அசிட் வேண்டும். அசிட் என்றால் இராணுவச் சோதனைச் சாவடியான சென்றியில் ஆளையே தூக்கிவிடுவார்கள். அதனால்தான் சமையலுக்கு ஊற்றும் வினிகரின் அந்தப் பெயர்.

ஆனால் சென்றிக்குப் போத்தலோடு வருகிறவன் அதில் ஒரு மிடறு குடித்துக் காட்ட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் மறந்துபோனது.

துறையடிச் சென்றியில் சிப்பாய் போத்தலை எடுத்தான். பையைச் சுமந்து வந்த சுதாகரனிடம் நீட்டிக் குடிக்கச் சொன்னான். சுதாகரன் எங்கள் ஆய்வுகூடத்து வேலையாள், ஆரையம்பதிக்காரன். சுனாமி மற்றப் பிள்ளைகளைக் கொண்டுபோனபின் அவன் தாய் சீதேவிப்பிள்ளைக்கு மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். போத்தலில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"பரவாயில்லை அக்கா, நான் குடிக்கிறன்" என்று மெதுவாகச் சொல்லி மூடியைத் திருகினான்.

என்னைக் காப்பாற்றத் தொண்டையை வேகவைக்கப் போகிறானாம், விசரன். எனக்கு வந்த ஆத்திரத்தில் போத்தலைப் பறித்தேன்.

"இது வினாகிரி இல்ல, அசிட். எழுதினது நான். அவன விடுங்க."

ஒரு சிப்பாயின் துவக்குக் குழல் சுதாகரனின் கழுத்தில் ஏறியது. பைகளில் இருப்பது வெடிமருந்தா என்று அதிகாரி கேட்டார். நான் ஒரு கட்டியில் இரண்டு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. சிப்பாய்கள் பின்வாங்கினார்கள். துவக்கு இன்னும் அழுந்தியது.

"சுண்ணாம்புக் கல்லுத்தான் இப்படி நுரைக்கும். வெடிமருந்து நுரைக்காது" என்று கத்தினேன்.

"அப்ப எல்லாத்தையும் நுரைக்க வை" என்றார் அதிகாரி.

அசிட் பட்ட கட்டி அளவீட்டுக்கு உதவாது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு பையாகக் கொட்டி ஊற்றினேன். மூன்று வருடம் கால் மணித்தியாலத்தில் நுரைத்துப் போனது. அழுகை வரவில்லை. கடைசிப் பைக்கு அசிட் காணுமா என்ற பயம் மட்டுந்தான்.

ஒன்பதாவதும் நுரைத்த பிறகுதான் அவன் கழுத்திலிருந்து துவக்கு விலகியது.