செங்கமலம் சிந்து

மதகடிப்பட்டுச் சந்தையில் செங்கமலம் சிந்து முதன்முதலாகப் பாடப்பட்ட செவ்வாய்க்கிழமை, பண்டசோழநல்லூர்ப் பெரிய வீட்டில் செங்கமலத்துக்குக் கன்னம் வீங்கிற்று. பாட்டில் அப்பன் அறைகிற இடம் அது. நிஜத்தில் சிவப்பிரகாசம் மகளை அறைந்து வருஷம் இரண்டு ஓடியிருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே பல்லக்கு வைத்திருந்த குடும்பம். 1964இல் அந்த வீட்டுப் பெண், ஆர்மோனியம் பழுதுபார்க்க வந்த சவரிராயனோடு கிளம்பிப் போய் வில்லியனூர் ரயிலடியில் பிடிபட்டாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவனை அடித்து ரயிலேற்றினார்கள். அவளை மாடியில் வைத்துப் பூட்டினார்கள். ஊர்க்கதைகளைப் பாட்டாகக் கட்டிச் சந்தையில் பாடிப் புத்தகம் விற்கிற முத்துசாமி என்கிற சிந்துக்காரன், மிச்சக் கதையைத் தானே கட்டி, அச்சடித்து, டோலக்கோடு சந்தைக்கு வந்துவிட்டான்.

அதுமுதல் சந்தையில் எது பாடப்பட்டதோ அது அவள் உடம்பில் நடந்தது. அழுதாள் என்று பாடினால் சோற்றுக் கையோடு அழுதாள். அழகுக்காக அவன் சுருள்முடி சேர்த்துப் பாட, மறுவாரம் அவள் தலையில் சீப்பு இறங்கவில்லை. டவுனில் ஒரு பேராசிரியரும் இதே கதையை நாவலாக எழுதினார். எழுத்துக்கு அந்த வேகம் இல்லை; லேசாகத் தும்மினாள், அவ்வளவுதான்.

சிந்து விற்கிறவர்கள் முடிவைப் பாடமாட்டார்கள். பாடிவிட்டால் புத்தகத்தை யார் வாங்குவது? நாயகி அரளி விதையை அரைத்துக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிற இடத்தில் முத்துசாமி டோலக்கை நிறுத்திவிடுவான். அதனால்தான் செங்கமலம் உயிரோடு இருந்தாள். செவ்வாய்தோறும் கிண்ணம் மட்டும் தானாக அவள் கைக்கு வந்தது. குடிக்கவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. ஆனால் சாவு பயத்தைவிட அவளை அரித்தது வேறு. சவரிராயன் திரும்பி வருவதும் அந்தப் பாடாத முடிவில்தான் என்று, புத்தகம் வாங்கிய வேலைக்காரி சொல்லியிருந்தாள். சிவப்பிரகாசம் போய்ச் சேர்ந்தார், மாடிப் பூட்டு துருவேறி விழுந்தது, அவள் தலை நரைத்தது. அடப்பாவி, பாட்டு மட்டும் ஓயவில்லை.

1982இல் அவளே சந்தைக்குப் போனாள். மாட்டுத் தரகர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"முத்துசாமி, அவரு வர்றது எந்த எடத்துல?"

"கடைசி அடிம்மா. நீங்க குடிச்சி வுழுந்தப்பறம்தான் வருவாரு."

"பாடு."

"இன்னாம்மா இது, உசுரு வெளையாட்டா? என்னால ஆவாது."

"கட்டும்போது ஆச்சி இல்ல? பாடுபா. இல்லாட்டி நானே பாடிடுவேன்."

முத்துசாமி டோலக்கைத் தட்டினான். கிண்ணம் வந்தது, குடித்தாள். புளியமரத்தடியில் அப்படியே சரிந்தாள். தரகர் ஒருவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, "போயிட்டாங்கப்பா" என்றார். முத்துசாமி அழுதுகொண்டே கடைசி அடியைப் பாடி முடித்தான். விழுப்புரம் பஸ் வந்து நின்றது. சவரிராயன் இறங்கினான், நரைத்து, ஒரு காலைத் தாங்கிக்கொண்டு. யாரையும் வழி கேட்காமல் நேரே வந்து, அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பாட்டு அதோடு முடிகிறது. அடக்கம் பண்ணியதாக அதில் ஓரடியும் இல்லை. ஆகவே அடக்கம் பண்ண முடியவில்லை. குழி வெட்ட வெட்ட மண் தானாகவே மூடிக்கொண்டது. வெட்டியவர்கள் அலுத்துப்போய் மண்வெட்டியைப் போட்டபோது, செங்கமலம் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். இருவரும் சுத்துக்கேணியில் குடியேறினார்கள். அவளுக்கு நாடி இல்லை. எதைத் தின்றாலும் கசந்தது. கம்பவுண்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெந்நீர் குடிக்கச் சொன்னார். செத்தவளோடு குடித்தனமா என்று முதலில் முணுமுணுத்தவர்கள், கரும்புக் கொல்லையில் அவள் களை எடுக்கிற வேகத்தைப் பார்த்து, அடுத்த பருவத்துக்கும் அவளையே கூலிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள்.