தாடைக்கு வந்த கால்

ஆஸ்பத்திரியில் அது நடந்தது காலையா மத்தியானமா என்று கேட்டால் மெக்கானிக்கின் மனைவி இன்றும் தடுமாறுவாள். ஜன்னல் திரை பாதி விலகியிருந்தது, மருந்துத் தட்டில் வெயில் கிடந்தது, அதுவரைக்கும்தான் நிச்சயம். மற்றதெல்லாம் தானே பின்னால் சேர்த்துக்கொண்டதோ என்று அவளுக்கே சந்தேகம்.

புற்று அரித்த தாடையை வெட்டியெடுத்துவிட்டு, கீழ்க்காலின் ஒல்லியான எலும்பைத் தோலோடும் ரத்தக்குழாய்களோடும் எடுத்து அங்கே பொருத்தப்போவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்று மெக்கானிக் சிரித்தார்.

"இனிமே நான் வாயைத் திறந்தா உதை விழும், பாத்துக்க."

"இப்ப மட்டும் என்ன விழுதாம்?" என்றாள் அவள்.

நாள் முழுக்க நடந்தது அறுவை. நேரான எலும்பை வெட்டி வெட்டி வளைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் குழாய்களைத் தைத்திருந்தார்கள். முகவாயோரம் உள்ளங்கை அகலத்துக்குக் காலின் தோல். அது பிழைத்தால் தாடை பிழைக்கும். செத்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நர்ஸ் மணிக்கொருதரம் வந்து அதை விரலால் அழுத்தி நிறம் பார்த்துப் போனாள்.

அப்படி ஒருதரம் வந்தபோதுதான் தோலின் ஓரத்தில் ஒரு கருநீலத் திட்டு தெரிந்தது. பழகிய திட்டு. கல்யாணமான புதிதில், அவள் ஏறி உட்காருவதற்காக வண்டியைச் சாய்த்துப் பிடித்தபோது சைலன்ஸர் அவர் காலைச் சுட்டுவிட்டது. இத்தனை வருஷம் பேண்ட்டுக்குள் ஒளிந்திருந்தது இப்படி முகத்துக்கே வந்துவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அது பழைய தழும்பு சிஸ்டர். சைலன்ஸர் சுட்டது."

நர்ஸ் தயங்கினாள். "இருக்கட்டும்க்கா. எதுக்கும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுடறேன்."

டாக்டரம்மா கழுவிய கையின் ஈரத்தோடு வந்தார். குனிந்து பார்த்தார்.

"சைலன்ஸர் சுட்டது காலோட உள்பக்கம்மா. இலை மாதிரி இருக்கும். நான் எடுத்தது வெளிப்பக்கத் தோல். உங்க தழும்பு காலிலேயே பத்திரமா இருக்கு."

ஊசியால் குத்தினார். கறுத்த ரத்தம் துளிர்த்தது.

"உள்ள வர்ற ரத்தம் திரும்பிப் போக வழியில்லாம தேங்குது. உடனே தியேட்டருக்குக் கொண்டு போங்க."

இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவளுக்கு மறந்துபோன பக்கம், அந்தக் காலை எலும்புக்காக மட்டும் பார்த்தவருக்கு நினைவிருந்தது. தாழ்வாரத்தில் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது முகத்தில் மாஸ்க்கின் தடம் பதிந்திருந்தது.

"அடைப்பை எடுத்துட்டு மறுபடி தைச்சிட்டோம். தோல் நிறம் திரும்பிடுச்சு. சிஸ்டர் நல்ல நேரத்துல கூப்பிட்டாங்க."

டாக்டரம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

தாடை பிழைத்தது. பிற்பாடு பல்லும் வைத்தார்கள். மெக்கானிக் லேசாகக் காலை இழுத்தபடி பட்டறைக்குப் போய்வருகிறார். முகவாயில் முளைக்கும் கால் ரோமத்தை மழிக்கிறார். நர்ஸ் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனாள். டாக்டரம்மா அதே தியேட்டரில்தான் இருக்கிறார். தழும்பு காலின் உள்பக்கத்தில் இருக்கிறது.