இன்னும் ஒரு தட்டு மணல்

"வழி விடுங்க, அண்ணன் வந்தாச்சு" என்று தங்கை கூட்டத்தை விலக்கி அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாத முகம் வேறு யாரோ போல இருந்தது.

"கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. கிளம்பிட்டேன்னு சொன்னியேண்ணா?"

"பஸ் வழியில நின்னுபோச்சு."

பொய் அத்தனை சரளமாக வந்தது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று தங்கையின் போன் வந்தபோது அவன் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தான். தட்டில் கடற்கரை மணல். அதற்குள் வெறும் கண்ணுக்குத் தூசியாகத் தெரியும், கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள். சில வகை அலையடிக்கும் இடத்தில் மட்டும் வாழும், சில வகை அசையாத உப்பங்கழியில். ஓட்டைப் பார்த்தால் போதும், மணல் முன்பு எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். இன்றைக்குப் பார்த்து, அலைக்கரை மணலுக்குள் கழி ஓடுகளாக வந்துகொண்டிருந்தன. அம்மாவுக்கு இதற்கு முன்னும் மூச்சு வாங்கியிருக்கிறது, தேறி எழுந்திருக்கிறாள். "இதோ கிளம்பிட்டேன்" என்று போனை வைத்தவன், இந்த ஒரு தட்டை முடித்துவிடலாம் என்று தூரிகை நுனியை நாக்கில் நனைத்து, உதட்டில் கூராக்கி, மறுபடி குனிந்தான். ஓடுகளை ஒற்றியெடுக்க அதுதான் வழி. அந்தத் தட்டுக்குப் பிறகு இன்னொரு தட்டையும் எடுத்தான்.

அம்மா அவனுக்கு வைத்த பெயர் மண்ணுதின்னி. வேலை முடிந்து வந்தால் துண்டால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, "சோறு வேணுமா, மண்ணே போதுமா?" என்பாள்.

அவன் குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான். நிமிர்ந்தபோது அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தது.

வந்தவர்களுக்கு அது தூசி. தங்கை அதைப் பார்த்தாள். பிறகு அவன் உதட்டைப் பார்த்தாள். அவன் கூனிக் குறுகிப் போனான்.

"பஸ் நின்னுபோச்சுன்னு சொன்னியே" என்றாள், மெதுவாக.



"நேரமாச்சும்மா, எடுத்துடலாமா?" என்று வாசலிலிருந்து மாமா கேட்டார்.

தங்கை தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்து அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். அதையே அவனிடம் நீட்டினாள்.

"வாயத் தொடச்சுக்க. எல்லாரும் பாக்கறாங்க."

அம்மாவின் பழைய துண்டு. வாங்கி விரித்துப் பிடித்தபடி நின்றான். துடைக்கக் கை வரவில்லை.